ஒரகடத்துத் தேநீர்க்கடை விவாதம்

ஒரகடம் சந்திப்பில், வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் கனரக லாரிகள் பெருகுமுன் விடியலிலேயே சைக்கிள் மிதித்து வந்த அன்பர்கள், தலைக்கவசத்தைக் கழற்றி ஹாண்டில்பாரில் மாட்டிவிட்டு, தேநீர் ஆறுவதையும் மறந்து, எந்த வீரரின் பந்தயப் பருவம் சிரேஷ்டமானது என்று விவாதிப்பதைக் கேட்பது எனக்குப் பரமானந்தம். ஜிரோ தி இத்தாலியா, டூர் தி பிரான்ஸ், உலகப் பட்டம் மூன்றையும் ஒரே ஆண்டில் வென்ற ஆடவர் மூவரே: 1974இல் எடி மெர்க்ஸ், 1987இல் ஸ்டீபன் ரோச், 2024இல் டாடே பொகாச்சர். அவ்விரு நெடும்பந்தயங்களிலும் தலா 6 கட்டங்களை வென்று, லியேஜ், லொம்பார்தியா ஆகிய ஒருநாள் பந்தயங்களையும் கைக்கொண்டு, சூரிக்கில் நடந்த உலகப் பட்டப் பந்தயத்தில் இன்னும் 100 கிலோமீட்டர் எஞ்சியிருக்கையிலேயே கூட்டத்தை விட்டுப் பாய்ந்த பொகாச்சரின் சாகசத்துக்கே என் வாக்கு. மெர்க்ஸின் பக்தர்களோ உடனே 1972ஐ எடுத்து வைப்பார்கள்: ஜிரோ, டூர், மிலான்–சான்ரெமோ, லியேஜ், லொம்பார்தியா, அவற்றின் மேல் மெக்ஸிகோவில் ஒருமணிநேர உலக சாதனை. அதற்குப் பதில் சொல்லுமுன் இன்னொரு தேநீர் அவசியமாகிவிடுகிறது.