கடாரத்துக் கோயிலும் நம் கற்பனையும்

கடாரம் என்றவுடன் இராசேந்திர சோழனின் நினைவு நம்மவர் நெஞ்சில் எழுதல் இயல்பே. ஆயினும், நினைவு வேறு, ஆராய்ச்சி வேறு. கெடா மாநிலத்தில், ஜெராய் மலையின் தென்னடிவாரத்தில் உள்ள புக்கிட் பத்து பகாட் கோயிலை அம்மன்னன் கட்டியது என்று மேடையிலும் வகுப்பிலும் கூறுவோர் உளர். இக்கூற்றுக்குச் சான்று யாது?

1025ஆம் ஆண்டளவில் சோழர் கடற்படை கடாரத்தை வென்ற செய்தி இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியில் உண்டு. ஆனால், அங்கே கோயில் எடுத்ததாக அது கூறவில்லை. கோயிலிலும் எடுப்பித்தவர் பெயர் சொல்லும் கல்வெட்டுக் கிடைத்ததில்லை. படையெடுத்தவனே கோயிலும் எடுத்தான் என்பது வெறும் ஊகமேயாம்.

இனிக் கோயிலின் அமைப்பை நோக்குவோம். 1936-37இல் குவாரிட்ச் வேல்ஸ் அகழ்ந்து கண்ட இதனை, 1959-60இல் அலஸ்டேர் லேம்ப் முதலியோர் சீரமைத்தனர். கருவறையும் அதன் முன் மண்டபமும் நாம் நன்கறிந்த அமைப்பே. ஆனால், மேலே கற்சிகரம் இல்லை. கருங்கல் அடித்தளமும், மரத்தூண்களைத் தாங்கிய கற்பாதங்களுமே எஞ்சியுள்ளன. தூணும் கூரையும் காலத்தால் அழிந்தன. கல்லை வானளாவ அடுக்கிய தஞ்சைச் சிற்பியரின் முறை இதுவன்று. வழிபாட்டு நெறி கடல் கடந்து வந்தது. கட்டிய முறையோ இம்மண்ணுக்கு ஏற்றது.

கருவறைப் பகுதியில் கிடைத்த கருங்கற் பேழைகள் இன்னும் சிறப்புடையவை. பொன், மணி முதலியவற்றை அடித்தளத்தில் வைத்துக் கோயிலுக்கு உயிரூட்டும் கருப்பநியாசச் சடங்கை இவை நினைவூட்டுகின்றன. அச்சடங்கை அறிந்தோரும், அவரைப் போற்றிய ஊராரும் இங்கு வாழ்ந்தனர் என்பது இதனாற் பெறப்படும். வந்து மீளும் படையினும் நிலைத்து வாழ்ந்த வழிபாடு பெருமையிற் குறைந்ததோ?

மன்னன் பெயரை மட்டுமே மதிக்கப் பழகினால், பெயரற்ற சிதைவுகளைக் காப்பார் யார்? பூஜாங் பள்ளத்தாக்கில் பதினோராம் எண் சண்டி 2013இல் இடித்துத் தள்ளப்பட்டதை நாம் அறிவோம். ஆகவே, ஆசிரியர்கள் மாணவரை மெர்போக்கிற்கு அழைத்துச் சென்று, அக்கற்பாதங்களையும் பேழைகளையும் காட்டி, அவை எவற்றுக்குச் சான்று, எவற்றுக்குச் சான்றல்ல என்று பிரித்தறியக் கற்பித்தல் வேண்டும். அதுவே வரலாற்றுக் கல்வியாகும்.