நுரைக்கிற மாத்திரையும் 'ஆன்டிஆக்சிடன்ட்' என்ற சொல்லும்

வில்லியனூர், பாகூர் பக்கத்து மருந்துக்கடைகளில் என்-அசிட்டைல்சிஸ்டீன் புதுச் சரக்கு இல்லை. சளியை இளக்க டாக்டர் எழுதித் தர்ற, தண்ணியில் போட்டால் நுரைக்கிற மாத்திரைதான். இப்போ அதுக்கு வேற சட்டை மாட்டியிருக்காங்க. "ஆன்டிஆக்சிடன்ட், ஈரலைச் சுத்தம் செய்யும், முகம் பளிச்சுன்னு ஆகும்" என்று ஒரு விளம்பரத் தாள் கைக்கு வந்தது. கம்பெனி பேர் வேண்டாம். மிகைப்படுத்தல் எல்லா விளம்பரத்திலும் உண்டு. என் குறை வேற: இது வேதியியலையே தலைகீழா வைக்குது.

சிஸ்டீன் கந்தகம் உள்ள அமினோ அமிலம். அதன் நைட்ரஜன் மேல் ஒரு அசிட்டைல் தொகுதியை ஏற்றினால் மூலக்கூறு எடை 121-லிருந்து 163 ஆகும். அதோடு நைட்ரஜனின் நேர்மின்சுமையும் போயிடும். அந்தச் சுமை பக்கத்தில் இருந்தவரை கந்தகம் தன் ஹைட்ரஜனைச் சுலபமா விட்டது. இப்போ விடாது. ரத்தத்தின் 7.4 பி.எச். அளவில் சாதா சிஸ்டீனில் சுமார் பத்தில் ஒரு பங்கு வினைக்குத் தயாரா இருக்கும். அசிட்டைல் ஏறியதில் 1 சதவீதம்கூட இருக்காது. அதாவது, நேரடி ஆன்டிஆக்சிடன்ட் வேலையில் இது தாய்ச்சரக்கைவிட மந்தம்!

அப்புறம் எதுக்கு அசிட்டைல்? கட்டுச்சோறு மாதிரிங்க. வழியில் கெடாமல் போய்ச் சேரணும். ஈரலில் அசிட்டைல் கழன்று சிஸ்டீன் வெளிவரும், அதிலிருந்து குளூட்டாதயோன் உருவாகும்.

பாராசிட்டமால் அளவு மீறினால் உண்டாகும் நச்சைப் பிடித்து அடக்குவது இந்தக் குளூட்டாதயோன்தான். அது தீர்ந்துட்டா ஈரல் செல்கள் சாகும். எடின்பரோவில் பிரெஸ்காட் குழு 1979-ல் 100 நோயாளிகளுக்கு இதை நரம்பு வழியா ஏற்றிய அனுபவத்தை வெளியிட்டது. 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் ஏறக்குறைய முழுப் பாதுகாப்பு. தாமதமாக ஆக பலன் குறையும். விளம்பரம் இந்தப் பெருமையைக் கடன் வாங்கிட்டு, கடிகாரத்தை மறைச்சுடுது.

நம்ம ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. காய்ச்சலுக்கு ஒண்ணு, உடம்பு வலிக்கு ஒண்ணு, சளிக்கு ஒண்ணுன்னு வாங்குற மூணிலும் பாராசிட்டமால் இருக்கலாம். வயக்காட்டு வீடுகளில் எலி பேஸ்ட் வேற. அதிலுள்ள மஞ்சள் பாஸ்பரஸுக்கும் ஆஸ்பத்திரியில் இந்த மருந்தைக் கொடுக்கிறாங்க, ஆனால் உறுதியான முறிவு மருந்துன்னு சொல்ல முடியாது. இரண்டிலுமே முதல் நாள் ஆள் நல்லா இருக்கிற மாதிரி தெரியலாம். அந்த நேரத்தில் "ஈரல் சுத்தம்" மாத்திரையைக் கரைத்துக் குடிச்சிட்டு வீட்டில் காத்திருக்கக் கூடாது. நேரா ஆஸ்பத்திரிக்குப் போகணும். அந்தத் தாளில் அச்சடிச்சிருக்க வேண்டிய வரி இதுதான்.