மக்கெரெரே: இரு மதிப்பீடுகள்

உகாண்டாவிலுள்ள மக்கெரெரே பல்கலைக்கழகம் 1922இல் தொழிற்பள்ளியாகத் தோன்றி, 1960களில் கிழக்கு ஆப்பிரிக்காவின் தலைசிறந்த கல்விக்கூடமாய் விளங்கிற்று. இடி அமீனின் ஆட்சியும் பின்வந்த போர்களும் அதனைச் சிதைத்தன. அதனை மீண்டும் எழுப்ப வேண்டிய காலத்தில், உயர்கல்வியைவிடத் தொடக்கக் கல்வியில் இடும் பணமே மிகுந்த பயன் தரும் என உலக வங்கி 1986இல் வாதிட்டது. பட்டதாரியின் ஊதியத்தைக் கொண்டு பல்கலைக்கழகத்தின் பயனை அளந்த கணக்கு அது. அக்கணக்கு குறுகியதென அவ்வங்கியும் யுனெஸ்கோவும் கூட்டிய குழுவே 2000இல் எடுத்துரைத்தது.

இதற்கிடையில், 1992 முதல் மக்கெரெரே கட்டணம் செலுத்தும் மாணவரைச் சேர்த்துக்கொள்ளலாயிற்று. அதன் விளைவை ஆராய்ந்து டேவிட் கோர்ட் எழுதிய அறிக்கை 1999இல் வெளிவந்தது. "அமைதிப் புரட்சி" என்பது அவர் இம்மாற்றத்துக்கு இட்ட பெயர். மாணவர் தொகை இரு மடங்குக்கு மேலாயிற்று; எழுபது விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் கட்டணம் செலுத்தினர். இவை மறுக்கவியலா உண்மைகள். ஆயினும் அறிக்கையை வெளியிட்டோர் உலக வங்கியும் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையுமே என்பதை வாசகர் மறக்கலாகாது. ஈந்தவரே அளந்தார், அளவுகோலும் அவருடையதே.

மும்பையில் பிறந்து கம்பாலாவில் வளர்ந்து, 1972இல் உகாண்டாவினின்று வெளியேற்றப்பட்ட ஆசியருள் ஒருவரான மஹ்மூத் மம்தானி, பின்னர் மக்கெரெரேயிலேயே ஆசிரியராயிருந்தவர். "சந்தையில் அறிஞர்கள்" என்னும் அவருடைய நூல் (2007) அதே நிகழ்ச்சிகளை உள்ளிருந்து நோக்குகிறது. கட்டண மாணவரைச் சேர்ப்பது வேறு, பாடத்திட்டத்தையே விலைபொருளாக்குவது வேறு என்று அவர் பிரிப்பது நூலின் சிறந்த பகுதி. துறைகள் ஒன்றோடொன்று மாணவருக்காகப் போட்டியிட்டன. செயலாளர் பயிற்சி போன்றவையும் பட்டப்படிப்புகளாயின. பகுதிநேர ஆசிரியர் பெருகினர். ஆய்வுக்கூடமின்றி விரிவடையவியலா அறிவியல் துறைகள் பின்தங்கின. வருவாய் ஏற ஏற ஆராய்ச்சி தேய்ந்தது. இத்தேய்வு மாணவர் தொகையிலோ கட்டண வரவிலோ புலப்படாது.

நூலில் குறையும் உண்டு. நோயை ஆழ்ந்து ஆராய்ந்தவர் மருந்தைச் சுருக்கமாகவே சொல்கிறார். கட்டணம் வருமுன் ஆசிரியர் பிழைப்புக்காகப் பிற தொழில்களை நாடியிருந்த அவலத்தை எண்ணினால், கோர்ட் அடைந்த மகிழ்ச்சியை முற்றிலும் இகழ இயலவில்லை.

வெளிநாட்டு நிதியால் எழுந்த கல்லூரிகளை அறிந்த நம்மவர் இவ்விரண்டையும் சேர்த்தே படித்தல் நன்று. சுவீடன் நாடு 2000 முதல் மக்கெரெரே ஆசிரியர்களின் முனைவர் பட்ட ஆய்வுக்கு உதவியது. ஆய்வின் ஒரு பகுதி அங்கும் மறுபகுதி இங்குமாக நடந்தமையால், கற்றவர் தாய்நாட்டோடு தொடர்பு அறாதிருந்தனர். இது முன்னைய முறைகளைவிட மேலானது. எனினும் பட்டம் பெற்றோரை எண்ணுவது எளிது. அவர்கள் அயலார் துணையின்றி அடுத்த ஆய்வாளரை உருவாக்கினரா என அறியப் பல்லாண்டு காத்திருத்தல் வேண்டும். பெரும்பாலான உதவித் திட்டங்களோ அதற்குள் முடிந்துவிடுகின்றன. மம்தானி மக்கெரெரேக்குத் திரும்பி, அதன் சமூக ஆய்வு நிறுவனத்தில் 2012இல் முனைவர் பட்டப் படிப்பை அங்கேயே வகுப்புகளோடு தொடங்கியது இக்காரணம் பற்றியே.