மன்றம் இல்லாத அங்காடி: சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் பொதுநிலைய வடிவமைப்பு குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

கடைவீதி ஒன்றில் பொதுநிலையம் அமைக்க முற்படும் வடிவமைப்புத் திட்டங்கள் பொதுவாக இருவகை மக்களை மனத்திற்கொண்டு தொடங்குகின்றன. அப்பகுதியில் குடியிருப்போர் ஒருவகையினர். பொருள் வாங்கவும் இடங்களைக் காணவும் வந்துசெல்வோர் மற்றொரு வகையினர். அறைகளின் எண்ணிக்கை, திறப்பு நேரம், கட்டணம், வாயிலின் அமைப்பு எனப் பின்னர் எடுக்கப்படும் முடிவுகள் யாவும் இப்பகுப்பிலிருந்தே பிறக்கின்றன. சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா வட்டாரத்திற்கு இப்பகுப்பு பொருந்தவில்லை. அதனால்தான் கேம்பல் லேனில் எழுந்துள்ள இந்திய மரபுடைமை நிலையம் தேர்ந்த அருங்காட்சியகமாக விளங்கியும் மன்றமாக அமையவில்லை. இக்கருத்தைக் கட்டட வடிவமைப்பின் வழியாகவும் தமிழ்ப் பொதுவெளிச் சொற்களின் வழியாகவும் நிறுவ இக்கட்டுரை முயல்கிறது.

ஆய்வுக் களம்

சிராங்கூன் சாலையை ஒட்டிய இவ்வட்டாரம் மாட்டு வணிகத்தால் வளர்ந்தது. பஃபலோ சாலை என்னும் பெயரும், எருமைத் தொழுவம் எனப் பொருள்படும் கண்டாங் கெர்பாவ் என்னும் மலாய்ப் பெயரும் அதற்குச் சான்று. தமிழர் நாவில் வழங்கும் ‘தேக்கா’, மூங்கிற்புதரைச் சுட்டும் ஹொக்கியன் சீனச் சொல்லிலிருந்து வந்தது. 1982இல் எழுந்த சந்தைக் கட்டடத்திற்கு அச்சொல்லின் மாண்டரின் ஒலிப்பான ‘சூஜியாவ்’ என்பதே பெயராக இடப்பட்டது. மக்கள் அப்பெயரைக் கைக்கொள்ளவில்லை. 2000இல் அது தேக்கா நிலையம் என மாற்றப்பட்டது. ஒரு பொதுவிடத்தின் பெயரைத் திட்டமிடுவோர் மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

1989இல் லிட்டில் இந்தியா மரபுப் பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. பழைய கடைவீடுகளும் அவற்றின் முன்னுள்ள நடைவழிகளும் காக்கப்பட்டன. இந்நடைவழியைச் சிங்கப்பூர், மலேசியத் தமிழர் ‘அஞ்சடி’ என்பர். தெருவின் இருமருங்கும் தொடர்ச்சியான கூரையிட்ட வழி இருக்க வேண்டும் என்று 1822இல் ராஃபிள்ஸ் நகரமைப்புக் குழுவிற்கு இட்ட ஆணையே இதன் தோற்றுவாய். அஞ்சடி கடைக்காரருக்கு உரிய நிலத்தில் இருப்பினும் வழிப்போக்கரும் அதில் நடக்கலாம், மழைக்கு ஒதுங்கலாம். தனியுடைமைக்கும் பொதுவுடைமைக்கும் இடைப்பட்ட இத்தன்மை பின்வரும் ஆய்வுக்கு இன்றியமையாதது.

மன்றம் என்னும் கருத்தாக்கம்

சிங்கப்பூர்த் தமிழில் அரசுசார் பொதுநிலையங்கள் ‘சமூக மன்றம்’ எனப்படுகின்றன. 1960இல் தொடங்கப்பட்ட மக்கள் கழகத்தின் கீழ் இவை இயங்குகின்றன. மொழிபெயர்ப்புத் தேவைக்காக எடுத்தாளப்பட்ட இச்சொல் தன்னோடு நெடிய மரபொன்றையும் சுமந்து வந்துள்ளது. சங்க இலக்கியத்தில் மன்றம் என்பது ஊர்நடுவில் மரத்தடியில் அமைந்த திறந்தவெளி. பொதியில், அம்பலம் ஆகியன அதன் உறவுச் சொற்கள். இவற்றுள் எதுவும் கதவடைத்த உள்ளறையை முதன்மைப் பொருளாகக் குறிக்கவில்லை.

சிலப்பதிகாரத்தின் புகார் நகர அமைப்பு இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது. உழைப்பாளரும் கைவினைஞரும் கடல்கடந்து வந்த அயல்நாட்டாரும் மருவூர்ப்பாக்கத்தில் வாழ்கின்றனர். அரசனும் செல்வரும் உயர்நிலை வணிகரும் பட்டினப்பாக்கத்தில் வாழ்கின்றனர். இரண்டிற்கும் இடையே மரச்செறிவில் நாளங்காடி அமைகிறது. வேறுவேறு நிலையினர் சந்திக்கும் எல்லைக்கோட்டிலேயே இளங்கோவடிகள் சந்தையை வைக்கிறார். அதே இந்திரவிழவூரெடுத்த காதையில் வெள்ளிடை மன்றம், இலஞ்சி மன்றம், நெடுங்கல் நின்ற மன்றம், பூத சதுக்கம், பாவை மன்றம் என ஐவகை மன்றங்கள் இடம்பெறுகின்றன. களவைத் தடுப்பது, நோயுற்றோர் நீராடி நலம்பெறுவது, நஞ்சுண்டோரும் பித்தேறியோரும் தெளிவது, தவறிழைத்தோரை ஒறுப்பது, அரசின் நீதி பிறழ்ந்தால் கண்ணீர் வடிப்பது என ஒவ்வொன்றுக்கும் ஒரு பணி உண்டு. இவற்றைத் தொன்ம நம்பிக்கைகள் என ஒதுக்கிவிடலாம். நகர வரைபடமாக இவற்றைக் கொள்ளவும் இயலாது. எனினும் வணிகநகரைக் கற்பனை செய்த கவிஞர் அதற்குப் பாதுகாப்பு, மருத்துவம், நீதி ஆகியவற்றின் இருப்பிடமாக மன்றத்தையே கண்டார் என்பது குறிப்பிடத்தக்கது. மணிமேகலையில் வரும் உலக அறவியும் இத்தகையதே. யாருமற்றோரும் உடற்குறையுடையோரும் வந்து தங்கும் அப்பொது அம்பலத்தில்தான் மணிமேகலை அமுதசுரபியோடு நுழைகிறாள். அங்கு வருவோரிடம் ‘உள்ளூராரா, வெளியூராரா’ என்ற வினா எழுவதில்லை.

இந்திய மரபுடைமை நிலையம்: வடிவமும் பயனும்

தேசிய மரபுடைமைக் கழகத்தின் பொறுப்பிலுள்ள இந்நிலையம் 2015 மே மாதம் திறக்கப்பட்டது. ராபர்ட் கிரெக் ஷாண்ட் நிறுவனமும் அர்பனார்க் நிறுவனமும் வடிவமைத்த நான்கு தளக் கட்டடம் இது. வட, மேற்கு இந்தியப் படிக்கிணறான ‘பாவ்லி’ இதன் வடிவ மூலம். முகப்பின் ஒளிகசியும் திரைக்குப் பின்னே படிக்கட்டுகள் குறுக்கும் நெடுக்குமாகச் செல்கின்றன. இரவில் விளக்கேற்றப்படும்போது உள்ளிருக்கும் சுவரோவியம் தெருவிற்குத் தெரிகிறது. பழைய கடைவீடுகளின் நடுவே புதுக் கட்டடம் ஒன்று நாணாமலும் செருக்காமலும் நிற்பது எளிதன்று; அவ்வகையில் இது பாராட்டுக்குரிய படைப்பே.

தமிழர் பெரும்பான்மையாக உள்ள சிங்கப்பூர் இந்தியச் சமூகத்திற்கு வடபுலத்துப் படிக்கிணறு ஏன் என்ற வினா எழக்கூடும். இதனைப் பெரிதுபடுத்த வேண்டுவதில்லை. நிலையம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. படிக்கிணறும் தமிழகத்திற்கு முற்றிலும் புதிதன்று. திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள திருவெள்ளறையில் தந்திவர்மப் பல்லவன் காலத்து மாற்பிடுகு பெருங்கிணறு நாற்புறமும் படிகளோடு இன்றும் காணப்படுகிறது. சிக்கல் வேறிடத்தில் உள்ளது. படிக்கிணற்றில் படி என்பது பயன்பாட்டு உறுப்பு. நீர் எடுக்க இறங்குவோர் அதில் அமர்கின்றனர், வெயிலுக்கு ஒதுங்குகின்றனர், பேசுகின்றனர். நீரின் தேவையே அங்கு மக்களைக் கூட்டுகிறது. மரபுடைமை நிலையத்திலோ படி, தளங்களுக்கிடையே பார்வையாளரை நடத்திச் செல்லும் வழியாகவும் தெருவிலிருந்து காணத்தக்க உருவமாகவும் சுருங்கிவிடுகிறது. தெருவில் நிற்பவர் அதைக் காணலாம். அதில் உட்கார இயலாது. கூடும் இடத்தின் வடிவம் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது, கூடுதல் எடுத்துக்கொள்ளப்படவில்லை.

உள்ளே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ள செட்டிநாட்டு வாயில் இக்கருத்தை மேலும் தெளிவாக்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த அவ்வாயிலில் ஏறத்தாழ 5,000 நுண்ணிய செதுக்குருவங்கள் உள்ளன. சேகரிப்பின் தலைசிறந்த பொருள்களுள் ஒன்று அது. செட்டிநாட்டு வீட்டில் வாயில் தனித்து நிற்பதில்லை. அதன் இருபுறமும் திண்ணை உண்டு. வணிகம் பேச வந்தவரும் வழிநடை வந்தவரும் வீட்டாரின் இசைவைக் கேளாமலே அமர்ந்த இடம் திண்ணை. வாயிலின் சிற்பத்தைக் கடல்கடந்து கொண்டுவர முடிந்தது. திண்ணையைக் கொண்டுவர ஒரு மேடையும் கொஞ்சம் நிழலும் போதுமாயிருந்தும் அது கட்டடத்தின் முன் அமையவில்லை.

அருங்காட்சியகத்தை மன்றமாக இல்லையெனக் குறைகூறுவது முறையா என்று கேட்கலாம். கேம்பல் லேனின் நிலையே இதற்கு விடை. வண்டிகள் விலக்கப்பட்டு நடப்பார்க்கென ஒதுக்கப்பட்ட தெரு அது. தீபாவளிச் சந்தையும் பொங்கல் நிகழ்ச்சிகளும் அங்கு நடைபெறுகின்றன. பொங்கலையொட்டி மாடுகளைக் கொண்டுவந்து நிறுத்துவதும் உண்டு. வட்டாரத்தின் மிக முதன்மையான பொதுவெளியைப் பார்த்து நிற்கும் அரசுக் கட்டடம், அப்பொதுவெளிக்குத் தன் தரைத்தளத்தால் என்ன தருகிறது என்ற கேள்வியிலிருந்து விலக இயலாது.

மூன்றாம் தரப்பினர்

ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்காவில் கூடும் தமிழக, வங்கதேசத் தொழிலாளர் அங்குக் குடியிருப்போர் அல்லர்; அவர்தம் விடுதிகள் தீவின் ஓரங்களில் உள்ளன. அவர்களைச் சுற்றுலாப் பயணியராகக் கொள்வதும் பொருந்தாது. பணம் அனுப்புவது, ஊர்க்காரரைச் சந்திப்பது, காய்கறி வாங்குவது, வேறு நிறுவனத்தில் உள்ள தம்பியோடு ஒருவேளை உண்பது ஆகியன அவர்தம் தேவைகள். வங்கதேசத்தார் லெம்பு சாலைத் திறந்தவெளியிலும் தமிழகத்தார் தேக்காவைச் சுற்றிய புல்வெளிகளிலும் அமர்கின்றனர். வாரத்தில் ஒருநாளேனும் தவறாது வருவோரை ‘வருகையாளர்’ என்பது சொல்லளவில் சரியாகலாம். பொருளளவில் அவர்களே அவ்வட்டார வணிகத்தைத் தாங்குவோருள் அடங்குவர்.

மரபுடைமை நிலையத்தின் கட்டண விதி இவ்விடைவெளியைத் துல்லியமாகக் காட்டுகிறது. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கட்டணமில்லை. அயல்நாட்டார் செலுத்த வேண்டும். தேசிய அருங்காட்சியகங்களுக்குரிய பொதுவிதி என்ற அளவில் இதில் தவறில்லை. ஆயினும் பத்தாண்டுகள் அந்நாட்டில் கட்டுமான வேலை செய்தவரும் நேற்று விமானத்தில் வந்திறங்கியவரும் இவ்விதியின்முன் ஒருவராகின்றனர். இந்தியர் கடல்கடந்து உழைக்க வந்த வரலாற்றைக் கூறும் கூடத்தின் வாயிலில் இது நிகழ்கிறது.

2013 டிசம்பர் 8 அன்று, தமிழகத் தொழிலாளர் ஒருவர் பேருந்தின்கீழ்ச் சிக்கி இறந்ததைத் தொடர்ந்து ரேஸ் கோர்ஸ் சாலையில் கலவரம் மூண்டது. விசாரணைக் குழுவின் அறிக்கை 2014இல் வெளிவந்தது. மதுக் கட்டுப்பாடும், வெளிச்சம், கண்காணிப்பு ஆகியவற்றின் மேம்பாடும் அதன் பரிந்துரைகளுள் இடம்பெற்றன. 2015இல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. லிட்டில் இந்தியா அதன் சிறப்புக் கட்டுப்பாட்டு வட்டாரமாயிற்று. மரபுடைமை நிலையமும் அதே ஆண்டில் திறக்கப்பட்டது. இரண்டிற்கும் நேர்த்தொடர்பு இல்லை. ஆனால் ஒரே தெருக்கூட்டத்திற்கு ஒரே காலத்தில் வந்த இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், தொழிலாளர் ஒழுங்கின் பொருளாகவும் இந்தியர் மரபின் பொருளாகவும் தனித்தனியே கையாளப்பட்டமை புலனாகும். தொழிலாளர்க்கான பொழுதுபோக்கு மையங்கள் பெஞ்சுரு, காக்கி புக்கிட் போன்ற தொலைவிடங்களில் உள்ளன. அங்கு விளையாட்டுத் திடல் உண்டு, கடை உண்டு. தேக்காவின் மணம் இல்லை. அதற்காகவே அவர்கள் பேருந்து ஏறி வருகின்றனர்.

குடியிருப்போர் தரப்பையும் இங்கு எளிதாகக் கடந்துவிடக் கூடாது. தம் அடுக்குமாடி வீட்டின் கீழ்த்தளம் வாரந்தோறும் பிறர் அமரும் இடமாவதையும் குப்பை சேர்வதையும் விரும்பாத முதியவரின் மனநிலையை வெறுப்பு என ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவது ஆய்வு நேர்மையாகாது. அமர வேறிடம் இல்லாத கூட்டம் படிக்கட்டில்தான் அமரும். இருதரப்பும் மோதுவதாகத் தோன்றுவதில் பெரும்பகுதி, இடம் ஒதுக்கப்படாமையின் விளைவேயாகும்.

வடிவமைப்பு நோக்கிய சில கருத்துகள்

இவ்வட்டாரத்தில் இனி அமையும் பொதுநிலையம் எதுவாயினும் அதன் தரைத்தளம் அஞ்சடியின் நீட்சியாக இருத்தல் வேண்டும். வாயிற்கதவு, வரவேற்பு மேசை, காவலர் என்னும் வரிசை தெருவிலேயே தொடங்கினால் மூன்றாம் தரப்பினர் உள்ளே வரமாட்டார். ‘அனைவரும் வருக’ என்ற பலகை நான்கு மொழிகளில் இருந்தாலும் வரமாட்டார். கதவில்லாத கூரை, நீண்ட திண்ணை, குடிநீர், கழிப்பறை, கைபேசிக்கு மின்னேற்றும் வசதி, வாங்கிய பொருளை வைக்கும் இடம் ஆகியன அத்தளத்தின் அடிப்படைகள். ஊதிய முறையீட்டிற்கும் மருத்துவ வினாவிற்கும் தமிழிலும் வங்க மொழியிலும் விடைசொல்லும் ஒரு மேசையும் வேண்டும். வெள்ளிடை மன்றமும் இலஞ்சி மன்றமும் ஆற்றியதாகச் சொல்லப்படும் பணிகளின் இன்றைய வடிவம் இவைதாம்.

இடத்தைப் பங்கிடுவதைவிடக் காலத்தைப் பங்கிடுவது இங்குப் பயன்தரும். கிழமை நாள்களின் பகலில் அதே கூரை முதியோர்க்கும் பள்ளி முடிந்து வரும் பிள்ளைகளுக்கும் உரியதாகலாம். ஞாயிறு நண்பகல் முதல் இரவு வரை தொழிலாளர்க்கு உரியதாகலாம். தேக்கா நிலையம் இதனை ஏற்கெனவே ஓரளவு செய்துவருகிறது. காலையில் மீனும் கீரையும் வாங்க வரும் குடியிருப்போர், நண்பகலில் உணவு தேடும் பயணியர், ஞாயிறன்று தொழிலாளர் என ஒரே மேசைகள் பல கைகளுக்கு மாறுகின்றன. யாரும் திட்டமிட்டு எழுதாத இக்கால அட்டவணையை ஒரு முழு ஆண்டு களத்தில் நின்று பதிவு செய்வதே புதிய கட்டடத்திற்கான முதல் வரைபடமாக இருக்க முடியும். அத்தகைய பதிவு வடிவமைப்பாளர் பணி மட்டுமன்று. புலம்பெயர் தமிழ் ஆய்வாளர்க்கும் அதில் இடமுண்டு.

மரபுடைமை நிலையத்தைப் பொறுத்தவரை இடித்துக் கட்டுவதற்கு எதுவும் இல்லை. நுழைவுச்சீட்டு சரிபார்க்கும் இடத்தை ஒரு தளம் மேலே கொண்டுசெல்வதும், தரைத்தளத்தை இரவு வரை திறந்துவைப்பதும், முகப்பின் அடியில் கேம்பல் லேனை நோக்கி அமரத்தக்க ஐந்தாறு படிகளைக் கட்டுவதும் அதன் சேகரிப்பிற்கு எவ்வகையிலும் ஊறு செய்யா. செட்டிநாட்டு வாயில் மேலேயே இருக்கலாம். அதற்குரிய திண்ணை தெருவில் இருந்தால் போதும்.