யாருடைய பெயரில் வண்டி?

ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகருக்கு ஒரு தமிழ்க் கருத்தரங்குக்காகப் போயிருந்தேன். ஒரு நாள் ஓய்வு கிடைத்தது. பக்கத்து ஊரான லாடன்பர்க்கில் பழைய கார்களும் மோட்டார் சைக்கிள்களும் வைத்திருக்கும் அருங்காட்சியகத்துக்குச் சென்றேன். வண்டிகளில் எனக்குத் தனி ஆர்வம் எதுவும் இல்லை. பெர்த்தா பென்ஸ் வாழ்ந்து மறைந்த ஊர் அது என்பதால்தான் போனேன்.

அருங்காட்சியகம் இருப்பது பென்ஸ் குடும்பத்தின் பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில். அந்தத் தொழிற்சாலையின் பெயரைத் தமிழில் சொன்னால் 'சி. பென்ஸ் மகன்கள்' என்று வரும். கார்லுக்கும் பெர்த்தாவுக்கும் ஐந்து பிள்ளைகள். அவர்களில் மூன்று பேர் பெண்கள். பெயர்ப்பலகையில் அப்பாவும் மகன்களும் இருக்கிறார்கள். அம்மாவும் மகள்களும் இல்லை. உள்ளே நுழையும் முன்பே வாசிக்க வேண்டிய பிரதி இதுதான் என்று தோன்றியது.

பெர்த்தாவின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். 1888 ஆகஸ்டில், கணவரிடம் சொல்லாமல், 15 வயதும் 13 வயதுமான இரு மகன்களை ஏற்றிக்கொண்டு, மான்ஹைமிலிருந்து தன் பிறந்த ஊரான ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு மூன்று சக்கர மோட்டார் வண்டியில் போனார். 100 கிலோமீட்டருக்கும் மேலான தூரம். வழியில் எரிபொருள் தீர்ந்தது; வீஸ்லோக் ஊர் மருந்துக்கடையில் லிக்ராயின் என்னும் கரைப்பான் வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். மின்கம்பியின் உறை தேய்ந்தபோது காலுறைப் பட்டியைச் சுற்றினார். பிரேக் கட்டை தேய்ந்ததும் தோல் வைத்து அடிக்கச் செய்தார். மேட்டில் வண்டி ஏறத் திணறியதைப் பார்த்து, இன்னொரு கியர் வேண்டும் என்று திரும்பி வந்து சொன்னார்.

இந்தக் கதையைச் சொல்கிற எல்லோரும் தொப்பி ஊசியில் வந்து நின்று புன்னகைக்கிறார்கள். புன்னகைக்கத்தான் வேண்டும். ஆனால் ஊசியும் காலுறைப் பட்டியும் இத்தனை பிரியத்தோடு நினைவுகூரப்படுவது ஏன்? அவை 'பெண் பொருட்கள்' என்பதால். சமையலறையில் இருப்பதை வைத்து விருந்து சமாளிக்கும் மருமகளைப் பாராட்டுவது போன்ற பாராட்டு அது. குழாய் எங்கே அடைக்கும், உறை தேய்ந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருந்ததே, அந்த இயந்திர அறிவுக்குக் கதையில் ஊசியளவு இடம்கூட இல்லை.

அதைவிடப் பெரிய மறதி ஒன்று உண்டு. 1872இல் திருமணம் நடப்பதற்கு முன்பே, பெர்த்தா தன் சீதனத்தின் ஒரு பகுதியை முன்கூட்டி வாங்கி, கார்லின் தொழில் கூட்டாளியின் பங்கை விலைக்கு வாங்க உதவினார். அந்தப் பணம் இல்லையென்றால் பட்டறை கைவிட்டுப் போயிருக்கும். 1886 ஜனவரி 29ஆம் நாளிட்ட 37435 எண் காப்புரிமையில் கார்ல் பென்ஸின் பெயர் மட்டுமே இருக்கிறது. கார்ல் நன்றி மறந்தவர் அல்ல. 1925இல் வெளிவந்த தன்வரலாற்றில் மனைவியின் துணையைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனால் நன்றி சொல்வது வேறு, பங்கு கொடுப்பது வேறு.

சீதனம் என்ற சொல் 'ஸ்த்ரீதனம்' என்பதிலிருந்து வந்தது. பெண்ணின் சொத்து என்பதே பொருள். திருமணத்தால் அது கணவனோடு கூட்டுச் சொத்தாகிவிடாது, மனைவியின் தனிச்சொத்துதான் என்று 1985இல் பிரதிபா ராணி வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் சொன்னது. சொல்லும் சட்டமும் தெளிவாக இருக்கின்றன. வீடுதான் வேறு மாதிரி இருக்கிறது.

மோட்டார் சைக்கிள்கள் நிற்கும் பகுதியில் என் கண் பின்னிருக்கைகளையே தேடியது. எங்கள் வீட்டில் 'அப்பாவின் ராஜ்தூத்' என்று ஒன்று இருந்தது. பழைய வண்டி. அம்மாவின் வளையல்களை அடகு வைத்து வாங்கியது. வளையல்கள் மீளவில்லை. அதில் துணி மூட்டை கட்டிக்கொண்டு அப்பா வியாபாரத்துக்குப் போனார். அதில் வந்த வருமானத்தில்தான் நான் படித்தேன். அம்மா அதில் ஒருபக்கமாகத் திரும்பி உட்கார்ந்து கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போனார். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி, பின்னால் அமர்பவரின் உடை சக்கரத்தில் சிக்காமலிருக்கத் தடுப்பு வேண்டும் என்கிறது. விதியில் பெண் என்ற சொல் இல்லை. நாம் அதைச் சேலை கார்டு என்றுதான் அழைக்கிறோம். உயிர் காக்கும் நல்ல விதி. ஆனால் பின்னிருக்கையில் இருப்பவள் பெண் என்பதில் நமக்கு எந்தச் சந்தேகமும் வந்ததில்லை.

பெர்த்தாவுக்கு மரியாதைகள் வந்தன, தாமதமாக. கார்ல் படித்த கார்ல்ஸ்ரூஹ தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அவருடைய 95ஆம் பிறந்தநாளில், 1944 மே 3 அன்று, கௌரவ செனட்டர் பட்டம் அளித்தது. இரண்டு நாள் கழித்து அவர் இறந்தார். அமெரிக்காவின் வாகனத் துறைப் புகழரங்கில் கார்ல் 1984இல் சேர்க்கப்பட்டார், பெர்த்தா 2016இல்.

அன்று இரவு அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, அந்த வளையல்கள் எத்தனை பவுன் என்று கேட்டேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எட்டு. ரெண்டு கல்லு வளையல், நாலு சாதா. எதுக்குக் கேக்குற?" என்றார். நாற்பது வருடங்களுக்கு மேலாக யாரும் அவரிடம் கேட்டதில்லை. நானும்தான். 'அப்பாவின் ராஜ்தூத்' என்று கவிதைகூட எழுதியிருக்கிறேன்.

மாணவிகளுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் வீட்டில் ஓடிய முதல் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பிறகு, அதை வாங்க எந்த நகை போனது என்று அம்மாவிடமோ பாட்டியிடமோ கேளுங்கள். இரண்டு பதில்களையும் ஒரே தாளில், அடுத்தடுத்து எழுதி வையுங்கள்.