டிக்கட்

அண்மையில் ஒரு பத்திரிகைக் கதையில், ஒரத்தநாட்டில் பஸ் ஏறும் விவசாயக் கூலி ஒருவர், "ஐயா, பட்டுக்கோட்டைக்குப் பயணச்சீட்டு ஒன்று தாருங்கள்" என்று கண்டக்டரிடம் கேட்கிறார். கதை அங்கேயே படுத்துவிட்டது. பயணச்சீட்டு நல்ல சொல்தான். அரசு பஸ்களில் கொடுக்கும் சீட்டிலேயே அச்சாகியிருக்கிறது. ஆனால் அந்த மனிதர் "பட்டுக்கோட்டை ஒண்ணு" என்றுதான் காசை நீட்டுவார். டிக்கட் என்ற சொல்கூட அவருக்கு வேண்டியதில்லை.

அது கண்டக்டரின் சொத்து. அவர் கணக்கில் மனிதர்களே கிடையாது. "படியில நிக்கிற டிக்கட்டெல்லாம் உள்ளே வாங்க!" என்பார். பெயரில் ஆளைச் சீட்டாக்கிவிட்டு, வினையில் மரியாதையைச் சேர்த்துவிடுகிறார் பாருங்கள். இந்த நுட்பம் நம் கதாசிரியர்களில் பலர் காதில் விழுவதில்லை.

சொல்லின் பூர்வீகம் பிரெஞ்சு. ஒட்டிவைக்கும் துண்டுச் சீட்டைக் குறித்த சொல், 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் டிக்கட் ஆயிற்று. சபை நாகரிகத்தைச் சொல்லும் 'எடிகெட்' அதற்கு உடன்பிறப்பு. அது ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது 18-ஆம் நூற்றாண்டில். வெள்ளைக்காரர் "அதுதான் டிக்கட்" என்றால், அதுதான் சரி என்று பொருள். அமெரிக்காவில் போக்குவரத்துப் போலீஸார் கொடுக்கும் அபராதச் சீட்டும் டிக்கட். கட்சி நிறுத்தும் வேட்பாளர் வரிசையும் டிக்கட்.

"ஆள் டிக்கட் வாங்கிட்டான்" என்று சாவைச் சொல்வது நம் ஊர்க் கொச்சை. சாவைப் பயணமாகப் பார்க்கும் வழக்கம் நமக்குப் பழையது. "போய்ச் சேர்ந்தார்" என்பதில் பஸ் மட்டும்தான் குறைவு. கிழவர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து, "எனக்கு டிக்கட் எடுத்தாச்சு, தம்பி" என்றால் அதில் ஒரு கம்பீரம் இருக்கிறது. டீக்கடையில் முன்பின் தெரியாத ஆளைப் பற்றிச் சொன்னாலும் செல்லும்.

அதே இதழில் வேறொரு கதை. தகப்பனாரின் உடல் கூடத்தில் கிடக்கிறது. வாசலுக்கு வந்த மகன், "அப்பா டிக்கட் வாங்கிட்டாரு" என்கிறான். பங்காளிச் சண்டையில் பேச்சுவார்த்தை அற்றவன்கூட அந்த நேரத்தில் "தவறிட்டாங்க" என்றுதான் சொல்வான். மகன் அப்படிச் சொல்லக்கூடாது என்று நான் சட்டம் போடவில்லை. தகப்பன்மீது தீராத கசப்பு இருந்தால், அந்த ஒரு சொல்லே முழுக் கதையையும் தாங்கும். அப்படி ஏதாவது உண்டா என்று திரும்பப் படித்துப் பார்த்தேன். இல்லை. முதல் பக்கத்தில் அவன் அப்பாவின் வேட்டியைத் துவைத்துக் கொடியில் உலர்த்திக்கொண்டிருக்கிறான்.