‘ஹோஃப்’ என்னும் சொல்லும் அத்திபெலேயின் நிலப்பங்கும்: மொழிபெயர்ப்பு நோக்கில் ஒரு திறனாய்வு

குடும்ப நிலம் தலைமுறைவிட்டுத் தலைமுறைக்கு மாறும் முறையைப் பற்றி மானிடவியலார் எழுதிய நூல்களுள் ஜான் கோல், எரிக் உல்ஃப் ஆகிய இருவரும் இணைந்து 1974ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மறைந்துள்ள எல்லை’ என்னும் ஆங்கில நூல் தனித்துக் குறிப்பிடத்தக்கது. வட இத்தாலியின் ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் அடுத்தடுத்து அமைந்த இரண்டு சிற்றூர்கள் அதன் ஆய்வுக்களமாகும். ஒன்று, ஜெர்மன் பேசும் சாங்க்ட் ஃபெலிக்ஸ். மற்றொன்று, இத்தாலியத்தோடு உறவுடைய வட்டார மொழி பேசும் ட்ரெட். நிலம் சிதையாமல் மூத்த மகனுக்குச் செல்ல வேண்டும் என்பது முன்னதன் கொள்கை. மக்கள் அனைவர்க்கும் சமமாகப் பிரிய வேண்டும் என்பது பின்னதன் கொள்கை. ஆயினும் மலைநிலம் ஓரளவுக்கு மேல் பிரிவினையைத் தாங்காது. ஆகவே இரண்டு ஊர்களிலும் நடைமுறையில் நிலவுடைமையின் அளவு பெரிதும் ஒத்தே காணப்பட்டது என்பது நூலாசிரியர்களின் முடிபு.

இம்முடிபு வலுவானது. எனினும் மொழியியல் நோக்கில் நூலில் ஒரு குறை உண்டு. மொழி இங்கு ஓர் இனத்தின் அடையாளமாகவே பெரிதும் நின்றுவிடுகிறது. நிலத்தையும் அதற்கு உரியவரையும் அவ்வூரார் எச்சொற்களால் சுட்டுகின்றனர், அச்சொற்கள் கொள்கையைத் தாங்குகின்றனவா நடைமுறையைத் தாங்குகின்றனவா என்னும் வினா எழுப்பப்படவில்லை. இத்துறை நூல்களைத் தமிழாக்க முனைவோர்க்கு இதுவே முதல் வினாவாகும். இதற்கு விடை காண மற்றொரு மொழியெல்லையின் சொற்களை உடன்வைத்து நோக்குதல் பயன் தரும்.

பெங்களூரு நகர்ப்புற மாவட்டம் ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த அத்திபெலே அத்தகைய எல்லையூர். அதனைக் கடந்தால் தமிழ்நாட்டின் ஒசூர். ஆட்சிமொழி எல்லைக்கு இப்பால் கன்னடம், அப்பால் தமிழ். வீட்டுமொழியாகத் தெலுங்கு இருபுறமும் பரவியுள்ளது. ஒரே மண்ணுக்கு இப்பால் ‘பஹணி’யும் ‘காத்தே’யும் வழங்க, அப்பால் ‘சிட்டா’வும் ‘பட்டா’வும் வழங்குகின்றன. மராட்டிய மாநிலத்துக் குப்வார் என்னும் ஊரில் பல மொழிகளின் தொடரமைப்பு ஒன்றுபட, சொற்கள் வேறாகவே நின்றன என்று கம்பர்சும் வில்சனும் 1971இல் காட்டினர். அத்திபெலேயின் நிலவுரிமைச் சொற்களில் நிலைமை ஏறத்தாழ மறுதலை எனலாம். ‘ஜமீன்’, ‘ஹக்கு’, இறந்தோர் பெயரிலிருந்து வாரிசு பெயருக்கு மாற்றும் ‘பவுத்தி காத்தே’ என்பன போன்றவை வீட்டுமொழி எதுவாயினும் பொதுவில் வழங்கும் பாரசீக, அரபு வழிச் சொற்கள்.

முதலில் ‘ஹோஃப்’. வீடு, தொழுவம், வயல், மேய்ச்சல் உரிமை, காட்டு உரிமை அனைத்தும் சேர்ந்த ஒரே உடைமையை இந்த ஜெர்மன் சொல் குறிக்கும். டிரோல் பகுதியில் ஹோஃபுக்கு ஒரு பெயர் உண்டு. அதில் வாழும் உழவரை ஊரார் அப்பெயராலேயே அழைப்பர். குடும்பம் மாறினும் பெயர் நிலத்தோடு நிற்கும். தெலுங்கர்தம் ‘இண்டிப்பேரு’ இதற்கு நேர்மாறானது. வீட்டுப்பெயர் என்பது அதன் பொருளாயினும் அது வீட்டோடு நிற்பதில்லை, தந்தைவழி மரபோடு செல்கிறது.

ஹோஃப் என்பதைப் ‘பண்ணை’ எனப் பெயர்ப்பது வழக்கமாகிவிட்டது. இது பொருந்தாது. ‘பண்ணையார்’, ‘பண்ணையாள்’ என்னும் இணைச்சொற்கள் உடன்வந்து, தானே உழும் மலைநாட்டுக் குடியானவரைப் பெருநிலக்கிழாராக்கிவிடுகின்றன. கொங்கு வழக்கிலுள்ள ‘தோட்டம்’ மிக நெருங்கிய சொல். அங்கு வீடும் கிணறும் நிலமும் சேர்ந்ததே தோட்டம்; ‘இன்ன தோட்டத்தார்’ என்று குடும்பத்தைச் சுட்டுவதும் உண்டு. ஆனால் தோட்டம் பிரிந்தால் ‘கிழக்குத் தோட்டம்’, ‘மேற்குத் தோட்டம்’ எனப் பெயரும் உடன் பிரியும். பிரிக்கலாகாமை என்னும் பொருட்கூறு தமிழ்ச் சொல் எதிலும் இல்லை. ‘பிரியாத் தோட்டம்’ என அடைகொடுத்தே அதனைப் பெறல் வேண்டும்.

உடைமை முழுவதையும் சுட்டும் சொல்லில் வறுமை உடைய இம்மொழிகள் பங்கைச் சுட்டுவதில் வளம் மிக்கவை. பண்டைத் தமிழில் பகுதி என்னும் பொருளில் வழங்கிய ‘பால்’, கன்னடத்திலும் தெலுங்கிலும் ‘பாலு’ என இன்றும் பங்கையே குறிக்கும். தெலுங்கில் தந்தைவழி உறவினன் ‘பாலிவாடு’, தமிழில் ‘பங்காளி’. இரண்டிலும் உறவு என்பதே பங்கால் வரையறுக்கப்படுகிறது. வடமொழித் ‘தாயாத’ என்பதன் வழிவந்த ‘தாயாதி’யின் முதனிலை ‘தாய’, அதாவது மரபுச்சொத்து. தமிழர் செவியில் அது ‘தாய்’ என ஒலிப்பது தற்செயலே. தாய்வழியினர்க்கு இடமில்லாத ஒரு குழுவின் பெயரில் தாய் இருப்பது போலத் தோன்றுவது சுவையான முரண்.

இங்குதான் மொழிபெயர்ப்புச் சிக்கல் முற்றுகிறது. 1933இல் மைசூர் அரசின் சட்டம் குடும்பச் சொத்துப் பிரிவினையில் தாய்க்கும் மணமாகாத மகளுக்கும் பங்களித்தது. எல்லைக்கு அப்பால் சென்னை மாகாணத்தில் அன்று அத்தகைய சட்டம் இல்லை. பின்னர் நிலைமை தலைகீழானது. பிறப்பாலேயே மகளைக் கூட்டுரிமையர் ஆக்கும் திருத்தம் தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதலும், கர்நாடகத்தில் 1994 ஜூலை 30 முதலும் நடைமுறைக்கு வந்தது. முன்பே மணமானவர் இரண்டிலும் விலக்கப்பட்டனர். 2005 செப்டம்பர் 9 முதல் நடப்பிலுள்ள நடுவண் திருத்தம் அவ்விலக்கை நீக்கியது. தந்தை அந்நாளில் உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று வினீதா சர்மா வழக்கில் 2020 ஆகஸ்டு 11 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

இச்சட்டத்தின் ‘கோபார்சனர்’ என்னும் சொல்லை ‘வாரிசு’ எனப் பெயர்ப்பது பிழை. வாரிசுரிமை இறப்பால் தோன்றும். இவ்வுரிமை பிறப்பால் தோன்றும். ‘பங்குதாரர்’ எனின் குடும்பம் வணிக நிறுவனமாகிவிடும். எஞ்சுவது ‘பங்காளி’. மணமான பெண் கணவன்வீட்டுப் பங்காளிகளோடு எண்ணப்படுபவள். அவள் பிறந்தவீடு கணவனுக்கு மாமன் மைத்துனர் வீடு. ஆகவே ‘மகளும் பங்காளியே’ என்னும் தொடர் தமிழ்ச் செவிக்கு முரணாக ஒலிக்கும். அம்முரண் சட்டமே புகுத்தியது. அதனை இடரற்ற சொல்லால் மறைப்பது மொழிபெயர்ப்பாளர் பணியன்று. ‘பிறப்புரிமைப் பங்காளி’ என்பதே ஏற்புடையது.

நிலம் பெறாத உடன்பிறப்புகளை ஜெர்மானியர் ‘வைஹெண்டெ எர்பென்’, அதாவது விலகிச்செல்லும் உரிமையர் என்பர். விலகிய பின்னும் அவர் உரிமையர் என்றே பெயர் பெறுகிறார். இது வெறும் சொல்நாகரிகம் அன்று. தென் டிரோலின் 2001ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்க்குரிய ஈடு, சந்தை விலையால் அன்றி நிலத்தின் விளைபயனால் மதிப்பிடப்படுகிறது. வட ஜெர்மனியின் சில மாநிலங்களில் வழங்கும் 1947ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி, நிலம் பெற்றவர் இருபது ஆண்டுகளுக்குள் அதனை விற்பின் உடன்பிறந்தார் மேலும் ஈடு கோரலாம். உழவு தொடரும் வரை குறைந்த ஈடு. நிலம் பணமானால் மறுகணக்கு.

அத்திபெலேயில் மகள் எழுதித் தருவது கன்னடத்தில் ‘ஹக்கு பிடுகடெ பத்ர’. ஒசூரில் ‘விடுதலைப் பத்திரம்’. அரசியலில் உயர்ந்த பொருள் ஏற்ற ‘விடுதலை’ இங்கு உரிமையை விட்டொழித்தலைக் குறிக்கிறது. வீட்டுப்பேச்சில் இதுவும் மறைந்து ‘கையெழுத்துப் போடுதல்’ என்றே நின்றுவிடுகிறது. எழுதித் தந்தவளைச் சுட்டப் பெயர்ச்சொல் எதுவும் இல்லை. தொழிற்பேட்டைகளும் நெடுஞ்சாலையும் சூழ்ந்த இப்பகுதியில் விளைபயனுக்கும் மனைவிலைக்கும் உள்ள தொலைவு மிகப் பெரிது. எனினும் சகோதரன் பின்னர் விற்பின் மறுகணக்குக் கேட்க அச்சொல்லும் இடம் தருவதில்லை, பத்திரமும் பொதுவாக இடம் தருவதில்லை.

கோலும் உல்ஃபும் கண்ட கொள்கை, நடைமுறை வேறுபாடு இங்கும் உண்டு, ஆனால் எதிர்த்திசையில். சாங்க்ட் ஃபெலிக்சில் பிரியாமையைக் கூறும் சொல், விலகுவோரையும் பெயரிட்டுக் கணக்கில் கொண்டது. பங்கைக் கூறும் சொற்கள் நிறைந்த அத்திபெலேயில் பங்கை இழப்பவர் பெயரின்றி நிற்கிறார். 2005ஆம் ஆண்டுத் திருத்தம் பதிவுபெற்ற ஆவணத்தையோ நீதிமன்றத் தீர்ப்பாணையையோ மட்டுமே பிரிவினையாக ஏற்கிறது. வாய்மொழிப் பாகம் பொதுவாக ஏற்கப்படுவதில்லை. பேச்சு தெலுங்கிலோ தமிழிலோ நிகழ, ஆவணம் கன்னடத்தில் எழுதப்படும் ஊரில் ‘ஹக்கு’ என்பதைப் பெண்ணின் வீட்டுமொழியில் ‘உன் பிறப்புரிமைப் பங்கு’ என்று எடுத்துரைப்பதற்கும் ‘ஒரு கையெழுத்து’ என்று சொல்வதற்கும் இடையே உள்ள வேறுபாடு ஏக்கர்க் கணக்கில் அளக்கத்தக்கது. பத்திர எழுத்தர்களுக்கான மும்மொழிச் சொற்பட்டியல் ஒன்று உருவாக்கப்படின், அதன் முதற்பதிவு இச்சொல்லாக இருத்தல் வேண்டும்.